தொடை இடுக்கு வலிக்கு எந்தப் படம்? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

நான் மதுரையில் கதிரியக்க மருத்துவர். 24 வருடமாக எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் இடுப்பு மூட்டு பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து மடித்து வைத்து அனுப்பியவர்களும் உண்டு. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

"எனக்கு வயது 31. டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பள்ளியில் வாலிபால் ஆடியவன். இரண்டு வருடமாக வலது பக்கம் இடுப்பு வலி. குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு எழுந்தால் பிடித்துக்கொள்கிறது. முதலில் முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. எடுத்து டிஸ்க் பல்ஜ் என்றார்கள். ஆறு மாதம் பெல்ட் போட்டும் குறையவில்லை. பிறகு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், நார்மல். போன மாதம் வேறொரு டாக்டர் மூட்டுக்கே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். 'கேம் டைப் எஃப்.ஏ.ஐ., ஆல்ஃபா கோணம் 68' என்று வந்திருக்கிறது. எதை நம்புவது?" – வாசகர், திண்டுக்கல்

தம்பி, எக்ஸ்ரேயும் பொய் சொல்லவில்லை, எம்.ஆர்.ஐ.யும் பொய் சொல்லவில்லை. பார்த்த கோணம்தான் வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால், உங்களுடைய முதல் ஆறு மாதம் ஏன் வீணாயிற்று என்று சொல்லிவிடுகிறேன். உங்களைப் போல வாரத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன்.

தமிழில் அரைஞாண் கட்டுகிற இடமும் இடுப்புதான், குழந்தையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்புதான், தொடை எலும்பு போய்ப் பொருந்துகிற மூட்டும் இடுப்புதான். வீட்டில் பேசும்போது நாம் தெளிவாகத்தான் பேசுகிறோம். குறுக்கு வலிக்கிறது என்போம், சப்பை வலிக்கிறது என்போம். டாக்டர் அறைக்குள் போனதும் எல்லாம் 'இடுப்பு வலி' ஆகிவிடுகிறது. அவர் அதைக் குறுக்கு வலி என்று எடுத்துக்கொண்டு முதுகு ஸ்கேன் எழுதுகிறார். ஸ்கேனில் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். முப்பது வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் பத்தில் நாலு பேருக்கு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கும். உங்களுக்கும் இருந்தது. அது உங்கள் வலிக்குக் காரணமாகிவிட்டது.

இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில்தான் தெரியும். அந்த இடத்தைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம், பெண்களுக்கு இன்னும் அதிகம். அதனால் படம் எடுக்கும் முன்பே "வலி எங்கே, கையை வைத்துக் காட்டுங்கள்" என்று கேட்டுவிடுவேன். சிலர் கட்டைவிரலைப் பின்னால் வைத்து, மற்ற விரல்களை முன்னால் தொடை இடுக்கு வரை வளைத்து, சப்பையை ஒரு பிடி பிடித்துக் காட்டுவார்கள். அப்படிக் காட்டினால் மூட்டுக்குள்ளேதான் கோளாறு என்று பாதி சந்தேகம் அப்போதே வந்துவிடும்.

இனி உங்கள் ரிப்போர்ட். கேம் என்ற சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் கேம் ஷாஃப்ட் சுழலும்போது அதில் முட்டை வடிவில் துருத்திய பகுதி வால்வைத் தள்ளித் திறக்கும். தொடை எலும்பின் தலை பந்து போல உருண்டையாக இருந்து, கழுத்துப் பகுதியில் சட்டென்று ஒடுங்க வேண்டும். சிலருக்கு அந்த இடத்தில் ஒடுங்காமல் ஒரு மேடு இருக்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் அது வெளியே சும்மா கிடக்கும். குத்துக்காலிட்டால் அந்தப் பந்து பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள் மேடு நுழைந்து விளிம்பை நெரிக்கும். அந்த விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற ஒரு வளையம் இருக்கிறது. உங்கள் பாஷையில் ஆயில் சீல். மூட்டுத் திரவத்தை உள்ளே பிடித்து வைப்பது அதுதான். மேடு திரும்பத் திரும்ப மோதினால் சீல் கிழியலாம், அதை ஒட்டியுள்ள குருத்தெலும்பு உரியலாம். இதையே இம்பின்ஜ்மென்ட் என்கிறார்கள், உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எஃப்.ஏ.ஐ. இதுதான். இன்னொரு வகையில் பந்து சரியாக இருக்கும், கிண்ணத்தின் விளிம்பு அதிகமாக வளர்ந்து கழுத்தை இடுக்கி போலக் கவ்வும். அது பின்சர். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் நிறைய.

இதை இன்றைய வடிவத்தில் உலகத்துக்குச் சொன்னவர் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து எலும்பு அறுவை மருத்துவர் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ். மூட்டைப் பாதுகாப்பாகக் கழற்றி உள்ளே பார்க்கும் அறுவை முறையை அவரது குழு உருவாக்கியது. அப்படி 600 மூட்டுகளுக்கு மேல் நேரில் பார்த்த அனுபவத்தை வைத்து, 2003-இல், இந்த மோதலே பலருக்கு இளவயது மூட்டுத் தேய்மானத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். நான் படித்து முடித்து வேலைக்கு வந்த பிறகு நடந்தது இது. என் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயரே இல்லை.

சரி, உங்கள் எக்ஸ்ரே ஏன் நார்மல்? அந்த மேடு பெரும்பாலும் தலையின் முன்-மேல் பகுதியில் இருக்கும். மல்லாக்கப் படுக்க வைத்து நேராக எடுத்த படத்தில் அது தலையின் நிழலுக்குள் மறைந்துவிடும். தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் போல. காலை இடுப்பில் 45 டிகிரி மடக்கி, 20 டிகிரி அகட்டி எடுக்கும் படம் ஒன்று இருக்கிறது. டன் வியூ என்பார்கள். அதில் மேடு ஓரத்துக்கு வந்து தெளிவாகத் தெரியும். எக்ஸ்ரே அறையில் இரண்டு நிமிட வேலை. ஆனால் சீட்டில் 'இடுப்பு எக்ஸ்ரே' என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் அதை எடுக்க மாட்டார்கள். என்ன சந்தேகம் என்று டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும், அதற்கேற்ற கோணத்தில் நாங்கள் எடுத்துவிடுவோம். எழுதாத சீட்டுகள்தான் எங்களுக்கு நிறைய வருகின்றன, இதில் எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஆல்ஃபா கோணம் அந்த மேட்டை அளக்கும் வழி. படத்தில் தலையின் மேல் ஒரு வட்டம் போடுவோம். வட்டத்தின் மையத்திலிருந்து கழுத்தின் நடுவாக ஒரு கோடு. எலும்பு எந்த இடத்தில் வட்டத்தை விட்டு வெளியேறுகிறதோ அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே உள்ள கோணம்தான் அது. 2002-இல் ஸ்விட்சர்லாந்தில் முதன்முதலில் எம்.ஆர்.ஐ.யில் அளந்தபோது வலி உள்ளவர்களுக்குச் சராசரி 74, இல்லாதவர்களுக்கு 42. இன்று 55-க்கு மேல் போனால் மேடு என்று சிலரும், 60-க்கு மேல் என்று சிலரும் வைத்திருக்கிறோம். எப்படிப் பார்த்தாலும் உங்கள் 68-இல் மேடு இருக்கிறது.

ஆனால் தம்பி, மேடு இருப்பது ஒன்று, அதனால் வலிப்பது வேறு. வலியே இல்லாதவர்களின் 2,114 இடுப்பு மூட்டுகளைப் பற்றிய ஆய்வுகளை 2015-இல் ஒன்று திரட்டிப் பார்த்தார்கள். 37 சதவீதத்தில் கேம் மேடு இருந்தது. விளையாட்டு வீரர்களில் பாதிக்கு மேல். அவர்கள் எல்லாம் ஓடிக்கொண்டும் ஆடிக்கொண்டும்தான் இருந்தார்கள். அதனால்தான் 2016-இல் பல நாட்டு நிபுணர்கள் இங்கிலாந்தின் வார்விக்கில் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வலி இருக்க வேண்டும், கையால் சோதிக்கும்போது அறிகுறி இருக்க வேண்டும், படத்திலும் தெரிய வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் இந்த நோய்ப் பெயரை வைக்கலாம். நானும் ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் "கேம் வடிவம் உள்ளது, நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்" என்றுதான் எழுதுகிறேன்.

உங்களை டாக்டர் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி, உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாரா? அப்போது உங்கள் வழக்கமான அதே வலி வந்ததா? அந்தச் சோதனையில் வலி வந்தாலே இதுதான் என்று முடிவு கட்ட முடியாது, மூட்டின் வேறு கோளாறுகளிலும் வரும். ஆனால் வலிக்கவே இல்லை என்றால் மேட்டின் மேல் பழி போடத் தயங்க வேண்டும். கடிதத்தில் அது இல்லை. குத்துக்காலிட்டால் வலி, 31 வயது, 68 டிகிரி, எல்லாம் ஒரே பக்கம்தான் கைகாட்டுகிறது. அந்தக் கைச் சோதனையைச் செய்துகொண்டு வாருங்கள்.

உடனே அறுவை சிகிச்சையா என்று பயப்பட வேண்டாம். பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நுண்துளை அறுவை, இன்னொரு பிரிவுக்கு முறையான பிசியோதெரபி என்று கொடுத்துப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் இரண்டு பிரிவுமே தேறின, அறுவை செய்துகொண்டவர்கள் கொஞ்சம் கூடுதலாக. முதலில் மூன்று மாதம் நல்ல பிசியோதெரபி பாருங்கள். வண்டியை லிஃப்ட் ஸ்டாண்டில் ஏற்றி நின்றுகொண்டு வேலை பாருங்கள். முழுக் குத்துக்கால் மட்டும் வேண்டாம், உயரமான ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

"என் மகளுக்கு 17 வயது. ஏழு வயதிலிருந்து பரதநாட்டியம். முழுமண்டியில் இடது தொடை இடுக்கில் வலிக்கிறது, காலை வீசினால் 'டக்' என்று சத்தம். எம்.ஆர்.ஐ.யில் லேப்ரல் டேர் என்று வந்திருக்கிறது. அரங்கேற்றத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். பயமாக இருக்கிறது." – வாசகி, மயிலாடுதுறை

உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸில் இடது மூட்டின் எம்.ஆர்.ஐ. மட்டும்தான் இருக்கிறது. சாதாரண எக்ஸ்ரே எடுத்ததாகவே தெரியவில்லை. ஆபரேஷன் என்ற பேச்சை எடுப்பதற்கு முன்னால் அதை எடுக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நடனக்காரப் பெண்களுக்குத் தொடை இடுக்கு வலி வரும்போது அதற்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மேலே சொன்ன மோதல். இன்னொன்று, கிண்ணம் ஆழம் குறைந்து, பந்து போதுமான பிடிப்பில்லாமல் இருப்பது. இயல்பாகவே உடம்பு நன்றாக வளைகிற பிள்ளைகளிடம் இந்த இரண்டாவதை மறக்கக் கூடாது. இரண்டிலும் லேப்ரம் கிழியும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கிழிசலைச் சொல்லியிருக்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை.

இரண்டு இடுப்பு மூட்டும் தெரிகிற முழு எக்ஸ்ரேயில் கிண்ணம் பந்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஒரு கோணம் அளப்போம். ஸ்வீடனைச் சேர்ந்த விபெர்க் 1939-இல் சொன்ன கோணம், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். 25-க்கு மேல் இருந்தால் போதுமான மூடல். 40-க்கு மேல் போனால் அதிகம், பின்சராக இருக்கலாம். 20-க்குக் கீழே என்றால் ஆழம் குறைந்த கிண்ணம். ஏற்கெனவே ஆழம் குறைந்த கிண்ணத்தின் விளிம்பை மோதல் என்று நினைத்துச் செதுக்கிவிட்டால் மூட்டு இன்னும் தளர்ந்துவிடும். என் அனுபவத்தில் அப்படி ஒரு பெண்ணின் படங்களைப் பார்த்திருக்கிறேன், வேறொரு ஊரில் நடந்தது. முன்னால் எடுத்த எக்ஸ்ரே ஒன்றுகூட அவளிடம் இல்லை. இந்த விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு அந்தப் பெண்ணும் ஒரு காரணம்.

கிழிசல் என்ற சொல்லுக்கும் ரொம்ப அஞ்ச வேண்டாம். இடுப்பில் வலியே இல்லாத 45 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. 69 சதவீதம் பேருக்கு லேப்ரம் கிழிந்திருந்தது. 'டக்' சத்தமும் பெரும்பாலும் கிழிசலிலிருந்து வருவதில்லை. மூட்டுக்கு முன்னால் ஓடும் தசைநாண் எலும்பின் மேல் ஏறி இறங்கும்போதும் அப்படித்தான் கேட்கும். அதைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் நல்லது. மகள் காலை வீசிக் காட்டுவாள், திரையில் நாண் துள்ளுவது தெரியும்.

இன்னொன்று, அரைமண்டியில் முழங்கால்கள் வெளிப்பக்கம் எவ்வளவு திறக்கும் என்பது ஓரளவு எலும்பிலேயே இருக்கிறது. தொடை எலும்பின் கழுத்து எவ்வளவு முன்னோக்கித் திரும்பியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதிகம் திரும்பியிருக்கிற பிள்ளைக்கு மண்டி திறக்காது, முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கிச் சமாளிப்பாள். அடுத்த முறை எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், முழங்கால் மட்டத்தில் சில துண்டுப் படங்கள் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், அந்தத் திருப்பத்தை அளந்துவிடலாம். நடன ஆசிரியையிடமும் இதைச் சொல்லுங்கள். அரங்கேற்றத் தேதிக்காக மட்டும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

"எக்ஸ்ரே எடுக்கும்போது என் இரண்டு பாதத்தையும் உள்பக்கம் திருப்பி அசையாமல் வைக்கச் சொன்னார்கள். எனக்கு அதுதான் வலிக்கிற கோணம். அவசியமா?" – வாசகர், நாகர்கோவில்

அவசியம்தான். கழுத்து முன்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், கால்களை 15 டிகிரி உள்ளே திருப்பினால்தான் அது படத்தில் முழு நீளத்தில் விழும். உங்களால் முடியவில்லை என்றால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், முடிந்த அளவு திருப்பி எடுத்துவிட்டு அதைக் குறித்து வைப்பார். குறிப்பு இல்லாமல் வந்தால் நான் தவறாகப் படித்துவிடுவேன்.

படுத்திருக்கும்போது இடுப்பெலும்பு அதிகமாக முன்பக்கம் சாய்ந்தாலும் கிண்ணத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒன்றையொன்று வெட்டுவது போலத் தெரியும். நல்ல கிண்ணம்கூடப் பின்சர் போலத் தோன்றிவிடும். வால் எலும்பின் நுனி, முன்பக்க இடுப்பெலும்புகள் சேரும் இடத்துக்கு நேர் மேலே, ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இல்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்வேன். சிலர் கோபப்படுவார்கள். தவறான படத்தை வைத்து ரிப்போர்ட் எழுதுவதைவிட அந்தக் கோபம் பரவாயில்லை.

"மூட்டுக்குள் ஊசி போட்டு மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறார்கள். சாதாரண எம்.ஆர்.ஐ. போதாதா? சி.டி. ஸ்கேன் எடுத்தால் என்ன?" – வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் ஊரில் 3 டெஸ்லா மெஷின் இருக்கும் இடங்கள் உண்டு (டெஸ்லா என்பது மெஷினின் காந்த வலுவைச் சொல்லும் அளவு). அதில் ஒரு மூட்டுக்கு மட்டும் சிறிய வட்டத்தில் நுணுக்கமாக எடுத்தால் பலருக்கு ஊசி இல்லாமலே லேப்ரம் தெரிந்துவிடும். 1.5 டெஸ்லாவில் சந்தேகம் தீராதபோது ஊசி உதவும். எக்ஸ்ரே திரையிலோ அல்ட்ராசவுண்டிலோ பார்த்துக்கொண்டே, மிகவும் நீர்த்த கேடோலினியம் மருந்தை மூட்டுக்குள் விடுவோம். அது கிழிசலுக்குள் புகுந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்த ஊசியோடு மரப்பு மருந்தும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பிறகு வழக்கமாக வலி வருகிற வேலையைச் செய்து பாருங்கள், வலியால் ஏறாமல் விட்ட மாடிப்படி ஏறுங்கள். மரத்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் வலி காணாமல் போனால் வலி மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. போகவில்லை என்றால் குறுக்கையும் தசையையும் தேட வேண்டும். எனக்கு அந்தப் பதில் சில நேரம் படத்தைவிடப் பெரிய உதவி.

சி.டி.யில் எலும்பு வடிவம் முப்பரிமாணத்தில் அருமையாகத் தெரியும், ஆனால் கதிர்வீச்சு உண்டு. கருப்பையும் சினைப்பையும் இருக்கும் பகுதி அது. அறுவை என்று முடிவான பிறகு, எவ்வளவு செதுக்குவது என்று திட்டமிட மட்டும் எடுத்தால் போதும்.

"என் மகனுக்கு 13 வயது, ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். வலி எதுவும் இல்லை. ஹாக்கி ஆடுபவர்களுக்கு இந்த மேடு வரும் என்கிறார்கள். முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?" – வாசகி, டொராண்டோ

வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். வளரும் வயதில், எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு முன் கடுமையாக விளையாடும் பையன்களுக்கு இந்த மேடு அதிகம். ஐஸ் ஹாக்கியிலும் கூடைப்பந்திலும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் கால்பந்துச் சிறுவர்களைத் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்ததில், மேடு வளர்கிற வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறது, தட்டு மூடிய பிறகு பெரிதாக மாறுவதில்லை என்று தெரிந்தது. ஆனால் வலியில்லாத பையனுக்கு மேடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு என்ன செய்வீர்கள்? அவன் மனதில் ஒரு நோயை ஏற்றி வைப்போம், அவ்வளவுதான். வருடம் முழுக்க ஒரே விளையாட்டு என்று விடாமல், சில மாதம் நீச்சலோ வேறு ஏதோ ஆடட்டும். தொடை இடுக்கிலோ முழங்காலிலோ வலி என்று நொண்டினால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே எக்ஸ்ரே. இந்த வயதில் வளர்ச்சித் தட்டில் தலை நழுவும் நோய் ஒன்று உண்டு, சில பிள்ளைகள் அதை முழங்கால் வலி என்றுதான் சொல்வார்கள்.

"என் கணவருக்கு 44 வயது. ஆஸ்துமாவுக்காக வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர், குடிப்பழக்கமும் இருந்தது. மூன்று மாதமாக இரண்டு பக்கமும் தொடை இடுக்கில் வலி, இப்போது நொண்டுகிறார். எக்ஸ்ரே நார்மல். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு இது இம்பின்ஜ்மென்ட் என்று சொல்லித் தினமும் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்கிறார். சரியா?" – வாசகி, விருதுநகர்

சகோதரி, பயிற்சியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே இந்தப் பதிலைத் தபாலிலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு, மது, இரண்டு பக்கமும் வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் நினைப்பது தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு சாவதைத்தான். ஏ.வி.என். என்று சீட்டில் எழுதுவார்கள். நம் ஊரில் இளவயதில் இடுப்பு மூட்டு மாற்றும் நிலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இதனால்தான் வருகிறார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே முழுக்க நார்மலாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ. மட்டும்தான் காட்டும். தலை உருண்டையாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அதைக் காப்பாற்றிப் பார்க்க வழிகள் இருக்கின்றன. நசுங்கிவிட்டால் அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்.

இரண்டு இடுப்பு மூட்டுக்கும் சேர்த்து எம்.ஆர்.ஐ., இந்த வாரத்துக்குள். செலவுக்குக் கஷ்டம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், ஸ்டீராய்டு சாப்பிட்ட விவரத்தையும் குடித்த விவரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் அவராக நிறுத்த வேண்டாம், கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான். ஸ்கேன் வரும்வரை தரையில் உட்கார வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். நடக்கும்போது கைத்தடி வேண்டும், அதை அதிகம் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.